உட்கார்ந்த நிழல்

ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பதினொன்றரை மணிக்கு, திருநெல்வேலி ரத வீதியில் இருந்த நாலு மாடி ஜவுளிக்கடையின் முதல் மாடியில், பத்தொன்பது வருஷமாகக் காட்டன் சேலைப் பிரிவில் நின்றுகொண்டிருந்த சண்முகக்கனியின் நிழல், அவள் நின்றுகொண்டிருக்கும்போதே உட்கார்ந்துவிட்டது.

அப்போது அவள் சங்கரன்கோவில்காரி ஒருத்திக்கு முப்பத்தெட்டாவது சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். முந்தானையை உதறிப் போடும்போது கண் தரைக்குப் போனது. தன் கால்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்க, அந்தக் கால்களில் தொடங்கி நெடுக நிற்க வேண்டிய நிழல் முழங்காலை மடக்கி, முதுகைத் தளர்த்தி, கை இரண்டையும் மடியில் போட்டு, வேலையெல்லாம் முடித்தவள் மாதிரி அக்கடா என்று உட்கார்ந்திருந்தது. சங்கரன்கோவில்காரியும் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "இதே கலர்ல பார்டர் மட்டும் கொஞ்சம் சின்னதா இருக்கா?" என்று கேட்டாள். கனி எடுத்துக் காட்டினாள்.

மத்தியானத்துக்குள் கடை முழுக்கத் தெரிந்துவிட்டது. சூப்பர்வைசர் தவசிமுத்து படியேறி வந்தான். கனியைவிடப் பத்து வயசு இளையவன், ஆனால் அந்த மாடியில் நாற்காலி உள்ள ஒரே ஆள்.

"என்ன கனியக்கா இது?"

"நான் நிக்கத்தானே செய்யுதேன் தம்பி."

அவன் அவள் காலைப் பார்த்தான். நின்றுகொண்டுதான் இருந்தது. "நீங்க நிக்கீங்க, சரி. அதை எந்திரிக்கச் சொல்லுங்க."

"நான் சொன்னா கேக்க மாட்டேங்கு. நீங்களே சொல்லிப் பாருங்க."

தவசிமுத்து அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, குனிந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "எந்திரி" என்று நிழலிடம் சொன்னான். நிழல் எந்திரிக்கவில்லை. ஊதா நிறச் சேலைக்கட்டுக்குப் பின்னாலிருந்து பக்கத்துக் கவுண்டர் மாரிச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

விஷயம் கீழே கல்லாவில் இருந்த முதலாளி சிதம்பரநாதனிடம் போனது. எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. தலைச்சுமையாகத் துணி விற்று முன்னுக்கு வந்த அவருடைய அப்பாவின் படம் சந்தன மாலையோடு தலைக்கு மேல் தொங்க, அதற்குக் கீழே இருபத்தஞ்சு வருஷமாக அதே சாய்வு நாற்காலியில் இருப்பவர். அவர் ஒன்றுதான் கேட்டார். "ஆளு நிக்காளா?"

"நிக்காங்க அண்ணாச்சி."

"அப்பம் என்னடே? நிழலு உக்காந்தா உக்காந்துட்டுப் போகுது. ஆளு உக்காரக் கூடாது. அவ்வளவுதான்."

அப்படியாக அது கடையின் சட்டமானது.

அந்தக் கடையில் பெண்கள் நாற்பத்திரண்டு பேர். காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் காலுக்கு விடுதலை, நடுவில் சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம். பெண்களுக்கான கக்கூஸ் மொட்டைமாடியில், சாவி தவசிமுத்து சட்டைப்பையில். ஒவ்வொரு தடவையும் ஆம்பளையிடம் போய்ச் சாவி கேட்கக் கூசிப்போய், வீட்டிலிருந்து நிறைத்துக் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலை நிறைத்தபடியே வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். இருபது வயசுப் பிள்ளைகள்கூட ஒன்றுக்குப் போகும்போது எரிகிறது என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளும். ஆம்பளை ஆட்கள் நினைத்தால் பக்கத்து டீக்கடைச் சந்துக்குப் போய் வருவார்கள்.

கீழ்த்தளத்தில் பட்டுப் பிரிவு இருந்தது. கிழக்குப் பார்த்த மேடை, மேலே மெத்தை, மெத்தைமேல் வெள்ளைத் துணி. அதில் ஆறு ஆம்பளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்து பட்டு விரிப்பார்கள். அவர்கள் விரித்துப் போட்டதைப் பெண்கள் மேடையின் ஓரத்தில் நின்றபடி குனிந்து குனிந்து மடித்து வைக்க வேண்டும். வாங்க வருகிற பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாராளமாக மெத்தையில் ஏறி உட்காரலாம். விற்கிற பெண் ஏறினால் லட்சுமி இறங்கிவிடுவாளாம். அந்த லட்சுமியும் ஒரு பெண்தானே என்று கனி சில நேரம் நினைப்பாள். வாய்விட்டுச் சொன்னதில்லை.

கடையில் நிற்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டபோது சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் நாற்பத்திரண்டு வந்து இறங்கின. எல்லாரையும் அதில் உட்காரவைத்து ஒரு போட்டோ எடுத்தார்கள். போட்டோ எடுத்த சாயங்காலமே ஸ்டூல்கள் நாலாவது மாடி குடோனுக்குப் போய்விட்டன.

கனிக்கு இடது கணுக்காலுக்கு மேலே நரம்பு முடிச்சுமுடிச்சாகப் புடைத்து, கறுத்து, ஒரு புண் இரண்டு வருஷமாக ஆறாமல் இருந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா, "நிக்கிறதைக் குறைங்க, காலைத் தூக்கி வைங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார், கனியும் ஒவ்வொரு தடவையும் "சரிம்மா" என்று சொல்வாள். நிழல் உட்கார்ந்த பிறகும் அந்தக் கால்வலி எள்ளளவும் குறையவில்லை. ஓய்வு முழுக்க நிழலுக்கும் வலி முழுக்க அவளுக்குமாக அது பிரிந்துகொண்டது.

வாரம் முடிவதற்குள் நாற்பத்திரண்டு நிழல்களும் உட்கார்ந்துவிட்டன. ஒருத்தி நிழல் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தது, ஒருத்தி நிழல் அடுப்புமுன் குந்தியிருப்பதுபோலக் குந்தியிருந்தது, ஒருத்தி நிழல் முழங்காலைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல இருந்தது. கடையை விட்டுத் தெருவில் இறங்கியதும் எல்லாம் பழையபடி சாதாரண நிழலாகி ஆளோடு நடந்து வரும். மறுநாள் காலை, ஆள் கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றதும், அப்பாடா என்று உட்காரும்.

மாரிச்செல்வியின் நிழல் உட்கார்ந்த விதம்தான் கனியைத் திரும்பிப் பார்க்கவைத்தது. இரண்டு முழங்காலையும் அகட்டி, ஒரு கையைப் பின்னால் தரையில் ஊன்றி, மறு கையை வயிற்றின்மேல் வைத்து உட்கார்ந்திருந்தது அது. பிள்ளை உண்டானவள் அப்படித்தான் உட்காருவாள். கடையில் கொடுத்த மெரூன் கோட்டு மாரியின் வயிற்றை மறைத்திருந்தது. நிழல் கோட்டு போட்டிருக்கவில்லை.

கனி கையிலிருந்த சேலையை நழுவவிடுவதுபோல நழுவவிட்டு நிழலின் இடுப்பை மூடினாள்.

"எத்தனை மாசம்ட்டி?" என்று உதடு அசையாமல் கேட்டாள்.

"நாலு முடியப் போகுது யக்கா."

"என்கிட்டகூடச் சொல்லல?"

"சொன்னா நீங்க சாமி கும்பிடுவீங்க. சாமி கும்பிட்டா அழுவீங்க. அழுதா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் கண் சிரிக்கவில்லை.

போன தீபாவளிக்கு நாலாம் மாசத்தில் ஒரு பிள்ளை அவளுக்குக் கலைந்தது இந்தத் தரையில்தான், "இன்னும் ரெண்டு டிசைன் இருக்கு மேடம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது. வயிறு தெரிந்த பெண்ணை அந்தக் கடையில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அப்படிப் போனவள் யாரும் திரும்ப வந்ததில்லை. மாரியின் புருஷன் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவன், மழைக்காலம் முழுக்க அவனுக்கு வேலை கிடையாது. அதனால் மாரிக்கு நின்றாலும் பயம், உட்கார்ந்தாலும் பயம். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டுமே என்று கனி அன்றிலிருந்து நெஞ்சுக்குள் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்தாள்.

ஆடித் தள்ளுபடி வந்தது. கடை ஜே ஜே என்று ஆனது. துணி வாங்க வந்தவர்களில் பாதிப்பேர் நிழல் பார்க்கவும் வந்தார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் பஸ் பிடித்து வந்தவர்கள், முதல் மாடிக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பாவம், உக்காந்திருக்கு, மிதிச்சிராதீங்க" என்று பிள்ளைகளின் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார்கள். கூட்டத்தில் நிழலை மிதிக்கிறார்கள் என்று புகார் வந்தபோது, அண்ணாச்சி ஒவ்வொரு நிழலையும் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டச் சொன்னார், "உட்கார்ந்திருக்கும் நிழலுக்கு இடம் விடவும்" என்று போர்டும் வைத்தார். ஒரு அம்மா கனியின் நிழல் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள். யாரோ ஒருத்தி மல்லிகைப்பூ ஒரு முழம் வைத்தாள். அழுத பிள்ளையை நிழலின் மடியில் போட்டால் தூங்கிவிடுகிறது என்று பேச்சு பரவியது, அது உண்மையாகவும் இருந்தது, சேலை எடுத்து முடிக்கும்வரை பிள்ளைகள் வெறுந்தரையில் மெத்தையில் கிடப்பதுபோலத் தூங்கின.

"அதுக்கு வலிக்குமோ?" என்று கனியிடம் கேட்டார்கள்.

"தெரியலியேம்மா."

"நல்லா உக்காந்து ரெஸ்ட் எடுக்கட்டும். அந்த மேல்தட்டுல இருக்குல்லா, பச்சை, அதை எடுங்க. அதுக்கும் மேல உள்ளதையும்."

கனி கால் நுனியில் எம்பி எடுத்துக் கொடுத்தாள். புண்ணில் கட்டியிருந்த துணி நனைந்து, கசிவு செருப்புக்கு இறங்கியிருந்தது. அவளுக்கு வலிக்குமோ என்று ஆடி முப்பது நாளில் ஒருத்தரும் கேட்கவில்லை.

தினமும் வேலைக்கு வரும் வழியில் கோவிலுக்குள் நுழைந்து காந்திமதி அம்மன் முன் ஒரு நிமிஷம் நிற்பது கனியின் வழக்கம். தன் பிள்ளைகள் இரண்டும் வளர்ந்து, மகளைக் கட்டிக்கொடுத்து, மகன் வேலைக்குப் போன பிறகு, தனக்கென்று கேட்க அவளிடம் அதிகம் இல்லை. ஆடி கடைசி வெள்ளியன்று அவள் இப்படிக் கேட்டாள். "தாயே, நீயும் நின்னுக்கிட்டேதான் இருக்க. ஆனா உனக்கு மத்தியானம் நடை சாத்துதாங்க, ராத்திரி பள்ளியறைக்குக் கூட்டிட்டுப் போறாங்க. எங்களுக்கும் ஒரு நடை சாத்துற நேரம் குடு. எனக்கு இல்லாட்டாலும் அந்த மாரிப்பிள்ளைக்குக் குடு."

அதற்கு அடுத்த வாரம், கூட்டம் வடிந்து வெளிச்சம் தரையில் நன்றாக விழுந்த ஒரு மத்தியானத்தில், தவசிமுத்து மாரியின் நிழலைப் பார்த்துவிட்டான். வயிற்றின்மேல் இருந்த கையைப் பார்த்தான், கைக்குக் கீழே இருந்த வயிற்றைப் பார்த்தான்.

"இந்த மாசத்தோட நின்னுக்கோ" என்றான்.

"சார், நான் நல்லாத்தான் நிக்கேன் சார். என்னைக்காவது வேலைல குறை வச்சிருக்கேனா?"

"அப்பம் குடோனுக்குப் போ. மூட்டை இறக்கு. உன்னால முடிஞ்சா இரு, முடியலன்னா நீயாப் போயிரு."

மாரி நாலாவது மாடிக்குப் போனாள். ஒரு நாளைக்கு இருபது தடவை படியேறி இறங்கினாள். சாப்பாட்டு நேரத்தில் கனியிடம் சொன்னாள், "யக்கா, அங்கன நம்ம சிவப்பு ஸ்டூலு எல்லாம் இருக்கு. அது மேல பெட்ஷீட் மூட்டையை ஏத்தி வச்சிருக்காங்க. மூட்டை ஜம்முனு உக்காந்திருக்கு, நான் அது முன்னால கைகட்டி நிக்கேன்."

கனி தன் டிபன் பாக்ஸை மூடினாள்.

ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கின. பட்டுப் பிரிவில் மடிக்க ஆள் போதவில்லை என்று கனியைக் கீழே இறக்கினார்கள். உவரிக் கடற்கரையிலிருந்து சூசையம்மாள் என்கிற மீன்காரம்மா, மகள் கல்யாணத்துக்குப் பட்டெடுக்கச் சொந்தபந்தம் பன்னிரண்டு பேரோடு வந்து மெத்தை முழுக்க நிறைந்து உட்கார்ந்திருந்தாள். பட்டுப் பிரிவில் மூத்தவரான அருணாசலம் விரித்துப் போட, கனி ஓரத்தில் நின்று மடித்துக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து புதுக்கட்டு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். தோளில் மூட்டையோடு மாரி படியிறங்கி வந்தாள்.

கனி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நிழலைப் பார்த்தாள்.

மாரி நின்றுகொண்டிருந்தாள். அவள் நிழல் உட்கார்ந்திருக்கவில்லை. தரையில் ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்து மடக்கி, சுருண்டு படுத்துவிட்டிருந்தது. போன தீபாவளிக்கு மாரி முதல் மாடித் தரையில் படுத்திருந்ததும் அப்படித்தான், அவள் தலையை மடியில் வைத்திருந்தது கனிதான்.

கனி கையிலிருந்த பட்டைக் கீழே வைத்தாள். பத்தொன்பது வருஷத்தில் மடிக்காமல் அவள் வைத்த முதல் சேலை அது. போய் மாரியின் தோளிலிருந்து மூட்டையை இறக்கினாள், அவள் கையைப் பிடித்தாள், கை சில்லென்று இருந்தது. செருப்பைக் கழற்றினாள், அவள் செருப்பையும் கழற்றச் சொன்னாள், இரண்டு பேருமாக மேடையில் ஏறினார்கள். மெத்தை வெள்ளைத் துணியில் மாரியை உட்காரவைத்து, முதுகுக்கு ஒரு பட்டுக்கட்டை அணைகொடுத்தாள். பிறகு, "அம்மா காந்திமதி" என்று சொல்லிக்கொண்டு தானும் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தபோது ஏற்கெனவே உட்கார்ந்திருந்த அவள் நிழல் கொஞ்சம் நகர்ந்து, அம்மா பிள்ளையை வாங்குவதுபோல அவளைத் தன் மடியில் வாங்கிக்கொண்டது. இத்தனை நாள் நிழல் எடுத்த ஓய்வு முழுக்க அவள் காலில் இறங்கியது. அவள் அழுதாள்.

தவசிமுத்து மேடைப் பக்கம் ஓடி வந்தான்.

"கனியக்கா, இறங்குங்க. ரெண்டு பேரும் இறங்குங்க" என்றான் தவசிமுத்து.

"இவ உக்காந்தாத்தான் பிள்ளை தங்கும் தம்பி. நான் இறங்குதேன், இவளை விட்டுருங்க. இல்லன்னா என்னையும் வேலையை விட்டு அனுப்புங்க. ஆனா இப்பம் எந்திரிக்க மாட்டோம்."

மெத்தையிலிருந்த சூசையம்மாள் மாரியின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள், தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் வாயில் வைத்தாள். "குடி மக்கா, மெதுவா." பிறகு தவசிமுத்து பக்கம் திரும்பினாள். "ஏன்டே, நான் முப்பது வருசமா உக்காந்துதான் மீன் விக்கேன். எவளாவது வாங்காமப் போனாளா, இல்ல நான் உக்காந்ததுனால என் மீனு நாறிப்போச்சா? எனக்கு இந்தப் புள்ளைதான் சேலை காட்டணும். உக்காந்துக்கிட்டே காட்டட்டும். இவா இறங்குனா நாங்க பதிமூணு பேரும் இறங்குவோம்."

அருணாசலம் மெத்தையில் ஒரு முழம் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்.

அப்போதுதான் கல்லாவில் இருந்த அண்ணாச்சி, நாற்காலியில் சாய்ந்தபடியே, அப்பா படத்துக்குக் கீழிருந்து, கடையே அதிரச் சத்தம் போட்டார்.

"எந்திரி!"

மாரி எந்திரிக்கவில்லை. கனி எந்திரிக்கவில்லை. எந்திரித்தது ஒன்றே ஒன்று. அண்ணாச்சியின் பின்சுவரில் இருபத்தஞ்சு வருஷமாக அவரோடு உட்கார்ந்திருந்த அவருடைய நிழல், அவர் உட்கார்ந்திருக்கும்போதே, மெல்ல எழுந்து, கையை முன்னால் கட்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, வேலைக்காரப் பெண்கள் நிற்பதுபோல நின்றது.

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். "உக்காரு" என்று தணிந்த குரலில் சொன்னார். அது உட்காரவில்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் யாரையும் பார்க்காமல், "தவசி, மேல கிடக்கிற ஸ்டூலை இறக்குடே" என்றார்.

அன்றைக்கு மூட்டை தூக்கி இறக்குகிற ஆம்பளைகள்தான் ஸ்டூல்களை இறக்கினார்கள், தூசியைத் துடைத்து ஒவ்வொரு கவுண்டருக்குப் பின்னாலும் போட்டார்கள். நாற்பத்திரண்டு பேரும் பயந்து பயந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொருத்தி உட்காரும்போதும் அவள் நிழல் நகர்ந்து இடம் கொடுத்தது. கடையில் வியாபாரம் குறைந்ததாக யாரும் சொல்லவில்லை. மெத்தையில் மாரியின் நிழல், சூசையம்மாள் கூறைப்பட்டைத் தேர்ந்தெடுக்கும்வரை படுத்தே கிடந்து, பிறகு ஒரு கையை ஊன்றி, மெதுவாக எழுந்து உட்கார்ந்தது. அதற்கப்புறம்தான் கனி மூச்சு விட்டாள். அங்கிருந்தே ஆட்டோ பிடித்து மாரியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள், ஆட்டோவில் சூசையம்மாளும் ஏறிக்கொண்டாள்.

வயிறு தெரிந்தவளை வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் ஒழிந்தது என்று யாரும் போர்டு வைக்கவில்லை. ஆனால் மாரி கார்த்திகை வரைக்கும் வந்தாள், உட்கார்ந்தே சேலை காட்டினாள், மாசாமாசம் டாக்டரிடம் போனாள். கக்கூஸ் சாவி தவசிமுத்து சட்டைப்பையிலிருந்து மொட்டைமாடிக் கதவின் ஆணிக்குப் போனது. தண்ணீர் பாட்டில்கள் சாயங்காலம் காலியாக வீட்டுக்குப் போயின. பட்டு மெத்தையில் அருணாசலம் விட்ட ஒரு முழத்தில் கனி உட்கார்ந்தாள். அவளை ஏற்றவே கூடாது என்று இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நாள் இருந்தார்கள், இன்னும் ஒருத்தர் அப்படித்தான் இருக்கிறார். மாரிக்கு மார்கழி மாதத்தில் பெண்பிள்ளை பிறந்தது. கனியின் புண் வைகாசி வாக்கில் தழும்பாக மூடியது.

அண்ணாச்சியின் நிழல் மட்டும் உட்காரவில்லை. அவர் நாற்காலியை மாற்றிப் போட்டுப் பார்த்தார், விளக்கை மாற்றிப் போட்டுப் பார்த்தார், சுவருக்கு வெள்ளையடித்துப் பார்த்தார். கடை திறக்கும்போது நின்றால் அடைக்கும்வரை அது நின்றது. ஒரு நாள் மத்தியானம், கூட்டமில்லாத நேரத்தில், அவர் கனியைக் கல்லாப் பக்கம் கூப்பிட்டார். முழங்காலுக்குக் கீழே வேட்டியை விலக்கிக் காட்டினார். நரம்பு லேசாகப் புடைத்திருந்தது.

"ஏம்மா, நாளெல்லாம் உக்காந்துதான் இருக்கேன். சாயங்காலமானா காலு ரெண்டும் வெட்டிப் போட்ட மாதிரி வலிக்கு. நீ இந்தக் காலுக்கு என்ன தைலம் போட்டே?"

கனி அவர் காலைப் பார்த்தாள். சுவரில் கைகட்டி நின்ற நிழலைப் பார்த்தாள்.

"இதுக்குத் தைலம் கேக்காது அண்ணாச்சி" என்றாள். "நின்னாத்தான் தெரியும் இந்த வலி."

அவர் தலையை ஆட்டினார். பக்கத்தில் கிடந்த ஸ்டூலை அவளுக்கு இழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை, வேலைக்கு வரும் வழியில், காந்திமதி அம்மன் முன் கனி வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள். தன் பிள்ளைகளுக்குக் கேட்டாள், மாரியின் பிள்ளைக்குக் கேட்டாள், கடைப் பெண்கள் எல்லாருக்கும் பேர் சொல்லிக் கேட்டாள். புறப்படப் போனவள் திரும்பி வந்து, கையைக் கூப்பி, "தாயே, அந்தச் சுவத்துல நிக்குதே, அதுக்கும் ஒரு நடை சாத்துற நேரம் குடு" என்று கேட்டுக்கொண்டாள்.